ஆலோசனையைக் கேட்டு

ஒரே ஒரு சொல்லுதான். ருக்மணி அத தன் கைப்பட எழுதி, அப்புறம் தானே அடிச்சிட்டு வேற ஒண்ணு எழுதினா. அப்ப அவளுக்குப் பதினஞ்சு முடிஞ்சு பதினாறு நடந்துச்சு. அந்த வயசுல என்ன தெரியும்னு சொல்லிட்டா சுலபம். ஆனா அவளுக்குக் கொஞ்சம் தெரிஞ்சுதான் இருந்துச்சு. அதுதான் இன்னமும் உள்ளுக்குள்ள அரிக்குது.

மெர்டேக்கா, அதான் மலாயாவுக்கு சொதந்திரம், கெடச்ச வருஷம் அது. மலாக்காவுல, காஜா பேராங்ல, ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில தமிழர் சேவை மன்றம்னு ஒண்ணு இருந்துச்சு. நாலு பெஞ்சு, ஒரு கேரம் பலக, பூட்டு போட்ட இரும்பு அலமாரி ஒண்ணு, அவ்வளவுதான் சொத்து. கடையும் மாடியும் சொக்கப்பச் செட்டியாரோடது. மன்றத்துக்குன்னு சும்மா விட்டிருந்தாரு. அதனால அவருதான் தலைவர். கூட்டம் எப்பன்னு சொல்றதும் அவருதான், எழுந்து போங்கன்னு சொல்றதும் அவருதான். கெட்டவர்னு யாரும் சொல்ல முடியாது. ஆனா அவரு பேச்சுக்கு மறுபேச்சு கெடையாது.

ருக்மணியோட அப்பா தம்பிராஜா முனிசிபால்ட்டியில வீடு வீடாப் போயி தண்ணி மீட்டர் பாக்கறவரு. மெர்டேக்கா வந்ததும் அவருக்கு ஒரு பித்துப் புடிச்சிருச்சு. ஆபீஸ்ல கணக்கெழுதற கிராணிகிட்ட கெஞ்சி, புது அரசியல் சட்டப் புத்தகத்த வாங்கிட்டு வந்துட்டாரு. முழுக்க இங்கிலீஷ். கான்வென்ட்ல படிக்கற மகளப் பக்கத்துல ஒக்கார வச்சு, அவ வாசிச்சு வாசிச்சு தமிழ்ல சொல்ல, சாயங்காலமெல்லாம் அதே வேலையாப் போச்சு. மத்த வீட்டுல ராமாயணம் கேப்பாங்க, இந்த வீட்டுல பார்லிமெண்டுன்னு அம்மா பொன்னம்மா தலையில அடிச்சுக்குவாங்க.

அப்பாவுக்கு அதுல புடிச்சது ஒரே ஒரு விஷயம். ராஜா இருக்காரு, ஆனா ராஜா ஆளல. ஒம்போது சுல்தானுங்க கூடி, அவங்கள்ல ஒருத்தர அஞ்சு வருஷத்துக்கு ஆகோங்னு உக்கார வைக்கறாங்க. நம்ம மலாக்காவுக்கு சுல்தான் கெடையாது, கவர்னருதான். நாட்டுல எல்லாம் ஆகோங் பேரால நடக்குது. ஆனா அவரு மந்திரிங்க சொன்ன யோசனைப்படிதான் கையெழுத்துப் போடணும். பிரதம மந்திரி யாருன்னா, ஜனங்க ஓட்டுப் போட்டு அனுப்பின சபையில பாதிக்கு மேல ஆளு யாரு பக்கம் நிக்குதோ அவரு. ஆளு விட்டுப் போச்சுன்னா அவரு எறங்கணும். இல்லாட்டி, சபையக் கலைச்சு எலக்ஷன் வைங்கன்னு ஆகோங்கிட்டப் போயி நிக்கணும். முடியாதுன்னு சொல்ற உரிம ஆகோங்குக்கு உண்டு. ஆனா அவரா ஒருநாள் எழுந்து, போதும் கலைங்கன்னு சொல்ல முடியாது.

"பாத்தியா ருக்கு," அப்பா தொடையத் தட்டுவாரு. "ஒருத்தர் குடுமி இன்னொருத்தர் கையில. எவனும் தனியா ஆட முடியாது."

அந்த வருஷக் கடைசியில மன்றத்துக்கும் அப்படி ஒரு சட்டம் வேணும்னு அவரு கெளப்பி விட்டாரு. செட்டியார் தலைவராவே இருக்கட்டும், மரியாதைக்கு. வேலைய உறுப்பினருங்க ஓட்டுப் போட்டு எடுத்த செயற்குழு பாக்கட்டும். செயலாளர்னு ஒருத்தர், பாதிக்கு மேல ஆதரவு இருக்கற வரைக்கும். செட்டியாருக்கும் மறுப்பில்ல. மன்றத்துப் பசங்க அவர 'நம்ம ஆகோங்'னு மறைவுல கூப்பிடுறது காதுல விழுந்து, கொஞ்சம் பூரிச்சுப் போயிருந்தாரு.

எழுதற வேல ருக்மணிக்கு வந்துச்சு. இங்கிலீஷ் புத்தகத்துல ஆகோங் பத்தின வரியப் பாத்துத்தான் தலைவர் பத்தின அஞ்சாவது விதிய எழுதினா. யோசனைக்கு ஏத்தபடி நடக்கணும்னு அதுல அழுத்தமா இருந்துச்சு. அவளும் அப்படியே, 'தலைவர் செயற்குழுவின் ஆலோசனைப்படியே நடப்பார்'னு எழுதினா. எழுதினத அடுப்படியில அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினா.

அம்மா தேங்கா துருவிட்டிருந்தவங்க கைய நிறுத்திட்டாங்க. "என்னாடி இது? அவ்வளவு பெரிய மனுசன, சொன்னபடியே நடக்கணும்னா எழுதறது? வேலைக்காரனுக்குச் சொல்ற மாதிரில்ல இருக்கு. நாளைக்கு ஆச்சி முகத்துல எப்படி முழிப்பேன்?"

ஆச்சிங்கறது செட்டியாரு சம்சாரம் சிகப்பி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் இந்த வீட்டுக்குப் பலகாரம் வராம இருக்காது. ருக்மணி யோசிச்சா. 'படியே'வ அடிச்சா. 'ஆலோசனையைக் கேட்டு நடப்பார்'னு எழுதினா. வாசிச்சா மிருதுவா இருந்துச்சு, பணிவா இருந்துச்சு. சொன்ன பேச்சக் கேளுன்னா கீழ்ப்படின்னுதானே அர்த்தம், ஒண்ணுதானேன்னு மனசு சொல்லுச்சு. ஒண்ணு இல்லன்னும் இன்னொரு ஓரத்துல சொல்லுச்சு. அந்த ஓரத்த அவ கண்டுக்கல. அப்பாகிட்ட மாத்தினதச் சொல்லவும் இல்ல. கூட்டத்துல கைதட்டி ஏத்துக்கிட்டாங்க. என் மக ஒரு எழுத்து பெசகாம அப்படியே எறக்கியிருக்கான்னு அப்பா மார்தட்டினாரு. அவரயே செயலாளராவும் எடுத்துட்டாங்க.

அந்தப் புத்தகத்துலேயே இன்னொண்ணும் இருந்துச்சு. இந்த நாட்டுல பொறக்காம வந்து சேந்தவங்களும் குடியுரிம கேக்கலாம். மெர்டேக்காவுலேந்து ஒரு வருஷத்துக்குள்ள மனு குடுத்தா மலாய்ப் பரீட்ச கெடையாது. அதுக்கப்புறம் குடுத்தா உண்டு. ஓட்டு குடிமக்களுக்கு மட்டுந்தான். அப்பா புரிஞ்சுக்கிட்டது இதுதான்: சபையில ஆளு நிக்கணும், ஆளு நிக்க ஓட்டு வேணும், ஓட்டுக்குக் காகிதம் வேணும். காகிதம் இல்லாதவனுக்கு இவ்வளவு பெரிய கட்டடத்துல ஒரு செங்கல்லும் சொந்தமில்ல. அதனால செயற்குழு, செவ்வாயும் வெள்ளியும் மாடியில ஒக்காந்து ஜனங்களுக்கு மனு எழுதிக் குடுக்கறதுன்னு முடிவு பண்ணுச்சு.

வந்தவங்கள்ல ஒருத்தி பூங்காவனம். ருக்மணி வீட்டுக்குப் பின்பக்கத்து அறையில குடியிருந்தவ. நாப்பது வயசு இருக்கும். புருஷன் போயி பல வருஷம், புள்ளகுட்டி இல்ல. பண்டார் ஹிலிர்ல ஒரு வீட்டுல சமையல் வேல. ருக்மணிய கைக்கொழந்தையிலேந்து தூக்கினவ. பத்து வயசுல கப்பல்ல வந்து, குருபோங் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டினவளுக்கு, இத்தன வருஷம் இங்கதான் இருந்தான்னு சொல்ல ஒரே அத்தாட்சி, தோட்டத்துத் தொர எழுதிக் குடுத்த ஒரு கடுதாசி. தொர சீமைக்குப் போயிட்டாரு. அந்தக் கடுதாசியத் துணியில சுத்தி வச்சிருந்தா.

"எனக்கு எதுக்குக் கண்ணு ஓட்டு?"ன்னு மொதல்ல சிரிச்சா. அப்புறம் ஒருநாள் தானா வந்து ஒக்காந்தா. வேல செய்யற வீட்டுல எதோ பேச்சு வந்து, நீ இந்த ஊர்க்காரி இல்லதானே, எப்ப வேணா உன்ன அனுப்பிடுவாங்கன்னு சொல்லிட்டாங்களாம். அது அவளக் குத்திருச்சு. எழுதுன்னா. மனுவுல பெருவெரல் வச்சா. கடுதாசிய மனுவோட சேத்து, மத்த பத்துப் பேரு காகிதத்தோட அலமாரியில வச்சாங்க. ரெண்டு பெரிய மனுசங்க கையெழுத்து மட்டும் பாக்கி. அது கெடச்சதும் ஆகஸ்ட் முடியறதுக்குள்ள மொத்தமாக் கொண்டு போயிக் குடுக்கறதுன்னு ஏற்பாடு.

அடுத்த வருஷம் ஜூலையில செட்டியாருக்கு மனசு கலங்கிருச்சு. அவரு பயத்த சும்மா சொல்லக்கூடாது. கம்யூனிஸ்ட்டுங்கள அடக்கப் போட்ட அவசரகாலச் சட்டம் இன்னும் எடுக்கல. மாடியில வாரத்துல ரெண்டு நாள் கூட்டம் கூடுது, காகிதம் சேருது, நாளைக்குப் போலீசு வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? இன்னொண்ணு, குடியுரிமைக்கு சத்தியம் பண்ணா பழைய நாட்டு விசுவாசத்த விட்டுடறேன்னு சொல்லணும். அவருக்கு ஊருல கூடப் பொறந்தவங்க இருக்காங்க. படிக்காத ஜனங்கள நம்ம கூரைக்குக் கீழ ஒக்கார வச்சு, தாய் நாட்ட கைகழுவ வைக்கறது பாவமில்லையான்னு கேட்டாரு.

கூட்டம் போட்டாரு. ஒரு ஞாயித்துக்கெழம, மாடி நெறைய ஆளு. செயற்குழுவுல ஒவ்வொருத்தரையும் பேச விட்டு, காப்பி வரவழைச்சு, ரெண்டு மணி நேரம் பொறுமையாக் கேட்டாரு. எல்லாரும் மனு வேல நடக்கட்டும்னுதான் சொன்னாங்க. கடைசியில தொண்டையச் செருமிட்டு, "கேட்டுக்கிட்டேன். இப்ப என் முடிவு. இந்தச் செயற்குழுவக் கலைச்சாச்சு. நான் ஊருக்குப் போயி வந்ததும் புதுசா எடுப்போம். அதுவரைக்கும் மாடிக்குப் பூட்டு"ன்னாரு.

அப்பா எழுந்தாரு. அஞ்சாவது விதிப்படி குழு சொல்றதத்தான் தலைவர் செய்யணும்னாரு. செட்டியார் விதிய எடுத்து வாசிக்கச் சொன்னாரு. வாசிச்சாங்க. 'ஆலோசனையைக் கேட்டு நடப்பார்.'

"அதத்தானே செஞ்சேன்," செட்டியார் நெசமாவே ஆச்சரியப்பட்டாரு. "கேக்கலையா நான்? ரெண்டு மணி நேரம் கேட்டேனே."

மாடி ரெண்டாப் பொளந்துச்சு. சலவைக்கடை கலியாணசுந்தரம், "என் மவன் நான் சொன்னா கேக்கவே மாட்டேங்கறான். அப்ப அவன் செவிடா?"ன்னு கேட்டாரு. ஒரே சிரிப்பு. செட்டியாரு கடையாளு சோமசுந்தரம் விடுவாரா? "நான் தெனமும் ரேடியோ கேக்கறேன்யா. ரேடியோ பாடினா நானும் ஆடணுமா?"ன்னாரு. அதுக்கும் சிரிப்பு. அப்புறம் சிரிப்பு நின்னு போயி சத்தம் ஏறுச்சு. சத்தத்துக்கு நடுவுல யாரோ சொன்னாங்க, எழுதின புள்ள இங்கதானே இருக்கு, இங்கிலீஷ்ல என்ன இருக்குன்னு அதையே கேப்போம்னு.

ருக்மணி பொம்பளைங்க பக்கத்துல, பூங்காவனத்து மடிக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தா. எல்லாத் தலையும் திரும்புச்சு. எழுந்து நின்னா. அவளுக்குத் தெரியும். 'படியே'ன்னுதான் இருந்துச்சு, நான்தான் மாத்தினேன்னு ரெண்டு வார்த்த சொன்னாப் போதும். ஆனா அப்பா மூஞ்சியப் பாத்தா. ஒரு எழுத்து பெசகாம எறக்கினவ என் மக அப்படின்னு நிமுந்து நிக்கறாரு. அவரு மார்தட்டினது இத்தன பேரு முன்னால பொய்யாப் போகும். அந்தப் பக்கம் செட்டியாரு, அன்பாத்தான் பாக்கறாரு. "பயப்படாதம்மா, சொல்லு. கேக்கறதா, கீழ்ப்படியறதா?"

"ரெண்டும்... ரெண்டும் ஒண்ணுதாங்கய்யா," அவ குரல் அவளுக்கே கேக்கல. "யோசன கேக்கறதுன்னுதான்."

செட்டியார் தலையாட்டினாரு. முடிஞ்சு போச்சு. அப்பா மெல்ல ஒக்காந்தாரு. ஒக்காந்தவரு மகளப் பாக்கல. அந்தப் புத்தகத்தப் பத்து தடவ கேட்டவரு அவரு. எங்கயோ ஒண்ணு இடிக்குதுன்னு அவருக்குத் தோணியிருக்கும். ஆனா மகளச் சபையில பொய்க்காரியாக்க அவருக்கு மனசு வரல.

நாலே நாள்ல செட்டியார் பினாங் போயி கப்பலேறிட்டாரு, ஊருல ஒரு கல்யாணத்துக்கு. சாவி சோமசுந்தரத்துகிட்ட. அப்பத்தான் அலமாரியில இருக்கற காகிதம் எல்லாருக்கும் ஒறச்சுச்சு. அப்பா போயிக் கேட்டாரு. மொதலாளி வார்த்த இல்லாம பூட்டுல கைவைக்க மாட்டேன்னுட்டாரு சோமசுந்தரம். ஊருக்குக் கடுதாசி போட்டாங்க. கடுதாசி போற வேகந்தான் தெரியுமே. கலியாணசுந்தரம் கடப்பாறையோட வந்து நின்னாரு. அப்பா தடுத்துட்டாரு. விதி கொண்டு வந்தவனே பூட்ட ஒடச்சா அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு விதி பேசறது, தலைவரு செஞ்சது தப்புன்னா அடுத்த கூட்டத்துல பேசி மாத்துவோம்னாரு. சரியான பேச்சுதான். ஆனா காலண்டரு யாருக்காகவும் நிக்கறதில்ல.

ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் ருக்மணி தனியாக் கெளம்பிப் போனா. செட்டியாரு கடைக்கு முன்னால இருக்கற அஞ்சடி நடையில, தூணுக்குப் பின்னால நின்னா. உள்ள சோமசுந்தரம் பேப்பர் படிச்சிட்டிருந்தாரு. நான் அன்னைக்குச் சொன்னது பொய்யிங்க, தலைவருக்குக் கலைக்கற உரிமையே இல்லீங்க, அலமாரியத் தெறந்து விடுங்கன்னு வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தா. சோமசுந்தரம் நிமுந்து பாத்து, "என்னா பாப்பா?"ன்னாரு. அவ வாயில வந்தது வேற. ஆச்சி சொகமான்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாங்கன்னா. சொகந்தான்னாரு. அவ திரும்பி வந்துட்டா.

செட்டியார் செப்டம்பர் நடுவுல வந்தாரு. அலமாரியத் தெறந்து காகிதக் கட்டப் பாத்ததும் அப்படியே நின்னுட்டாரு. ஜனங்களோட அசல் காகிதம் இதுல இருக்குன்னு எனக்கு யாருமே சொல்லலையேன்னாரு. நெசந்தான். கூட்டத்துல வாதம் பண்ணின மும்முரத்துல அத யாருமே சொல்லல, அப்புறம் போட்ட கடுதாசி அவரு ஊர விட்டுக் கெளம்பின பிறகுதான் போயிச் சேந்திருக்கு. வீடு வீடா வந்து அவரே கையில குடுத்தாரு. பூங்காவனத்துகிட்ட மன்னிப்பு மாதிரி எதோ முணுமுணுத்தாரு. மன்றத்துல அப்பாவ மறுபடி செயலாளரா எடுத்தாங்க. விதிய யாரும் மாத்தல. அதப் பத்திப் பேசவே எல்லாருக்கும் ஒரு கூச்சம்.

கெடு போயிட்டதால மத்த பத்துப் பேரும் மலாய்ப் பரீட்சைக்குப் போயி எப்படியோ தாண்டிட்டாங்க. பூங்காவனமும் போனா. பாசார்ல மீன்காரன்கிட்ட வெல பேசினா, அவ மலாய்ல பொரிஞ்சு தள்ளுவா. ஆனா அங்க மடிப்புக் கலையாத சட்ட போட்ட ஒருத்தரு மேசைக்குப் பின்னாலேந்து, பள்ளிக்கூடத்து மலாய்ல, உங்க வேலையப் பத்திச் சொல்லுங்கன்னு மரியாதையாக் கேட்டதும் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. இத்தன மரியாதையா அவகிட்ட யாரும் மலாய் பேசினதில்ல. தா தாவு துவான், தா தாவு துவான்னு, அதாவது தெரியாதுங்கய்யான்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டா. அவரு இன்னொரு தடவ வாங்கன்னுதான் சொல்லி அனுப்பினாரு. இவ போகல. புக்கிட் பாருவுல வேல செய்யற ஒரு பொண்ணு சொல்லிக் குடுக்கறேன்னா. ருக்மணியும் சொல்லிக் குடுக்கறேன்னா. பாக்கலாம் பாக்கலாம்னே வருஷம் ஓடிப்போச்சு.

அம்பத்தொம்போது ஆகஸ்ட்ல நாடாளுமன்றத்துக்கு எலக்ஷன் வந்துச்சு. மெர்டேக்காவுக்கு அப்புறம் அந்தச் சபைக்கு மொத எலக்ஷன். காஜா பேராங்கே குளிச்சு முழுகி, பட்டுக் கட்டிக்கிட்டு வரிசையில நிக்கப் போச்சு. கோயில் திருவிழா தோத்துது. பொம்பளைங்க போற வழியில கைக்கொழந்தைகளக் கொண்டு வந்து பூங்காவனத்துகிட்ட விட்டாங்க. "நீங்க எங்கயும் போகல இல்லக்கா?"ன்னாங்க. யாரும் குத்தணும்னு சொல்லல. அவ போகல, அவ்வளவுதான். காலையில ஒம்போது மணிக்கெல்லாம் அந்தச் சின்ன அறையில ஏழு புள்ளைங்க.

ருக்மணிக்கும் ஓட்டுப் போடற வயசில்ல. ஒத்தாசைக்கு வந்து ஒக்காந்தா. ஒரு புள்ள மடியில, ஒண்ணு தூளியில. பூங்காவனம் கஞ்சி ஆத்திக்கிட்டிருந்தா. வெளிய ஒலிபெருக்கி வண்டி ஒண்ணு போச்சு. அந்தச் சத்தம் அடங்கினதும் ருக்மணி சொல்லிட்டா. அம்மா அடுப்படியில சொன்னது, தான் அடிச்சது, இங்கிலீஷ்ல இருந்தது, மாடியில தான் சொன்ன பொய்யி, கடை வாசல் வரைக்கும் போயித் திரும்பினது, எல்லாத்தையும் தலையக் குனிஞ்சுக்கிட்டே, மூச்சு விடாம சொன்னா.

பூங்காவனம் கஞ்சிய ஆத்தறத நிறுத்தல.

"அன்னைக்கு நீ என் பக்கத்துலதான் ஒக்காந்திருந்த," கடைசியில சொன்னா. "நீ எழுந்து நின்னப்ப உன் பாவாட நடுங்குச்சு. நான் புடிச்சுக்கிட்டிருந்தேன், நீ விழுந்துறக் கூடாதேன்னு."

ருக்மணிக்கு அழுக வந்துச்சு. என்னைத் திட்டுங்கக்கான்னா.

"எதுக்குத் திட்டணும்? சொல்லிட்ட. உனக்கு மனசு லேசாயிருச்சு." அவ கிண்ணத்தக் கீழ வச்சா. "நேத்து வரைக்கும் நான், பூங்காவனம் மக்கு, அவளுக்கு நாக்கு வரல, அதான் காகிதம் வரலன்னு நெனச்சு சமாதானமா இருந்தேன். பழகிப்போச்சு. இனிமே அப்படி நெனைக்க முடியாது பாரு."

ருக்மணி இப்பவே புது மனு எழுதலாம்க்கா, நானே கூட வர்றேன், நாளைக்கே போலாம்னு ஏதேதோ சொன்னா. தூளியில இருந்தது முழிச்சுக்கிட்டு கத்துச்சு. பூங்காவனம் அத எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, அறைக்குள்ளேயே அங்கயும் இங்கயும் நடந்தா.

பதினோரு மணிக்கு மேல ஒவ்வொருத்தியா வந்தாங்க. வரிச எவ்வளவு நீளம், சீட்டு எப்படி மடிச்சோம், யாரு யாரு வந்திருந்தாங்கன்னு வாசல்லேந்தே பேச்சு. பூங்காவனம் எல்லாத்துக்கும் அப்படியா, அப்படியான்னு சிரிச்சுக்கிட்டே, மூக்கத் தொடச்சு, சட்டைய இழுத்து விட்டு, புள்ளைங்கள ஒவ்வொண்ணா அவங்கவங்க கையில குடுத்தா. கடைசிப் புள்ளையும் போச்சு. பூங்காவனம் ஈரத் துணிய எடுத்து தரையத் தொடைக்க ஒக்காந்தா. ருக்மணியும் இன்னொரு துணிய எடுத்துக்கிட்டு எதிர் மூலையில ஒக்காந்தா. நீ போன்னு பூங்காவனம் சொல்லல. இருன்னும் சொல்லல.